அம்மா சமாதின்னு சொன்ன ராக் கார்டன்

எல்லாத்துக்கும் காரணம் ஒரு போட்டோதாங்க. ஜப்பான்ல சிச்சிபுன்னு ஒரு ஊரு, அங்க ஹிட்சுஜியாமான்னு ஒரு பார்க், வசந்த காலம் வந்தா அங்க ஒரு மேடு முழுக்க பிங்க், வெள்ளை, ஊதான்னு ஜமுக்காளம் விரிச்ச மாதிரி பூத்துக் கிடக்கும். அந்தச் செடிக்கு அவங்க வச்சிருக்குற பேரு ஷிபாசகுரா, புல்தரை மாதிரி படர்ற செர்ரிப்பூன்னு அர்த்தமாம். செர்ரிக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, அது மாஸ் ஃப்ளாக்ஸ்னு ஒரு வட அமெரிக்கக் காட்டுச் செடி. ஏப்ரல் மாசம் வந்தா 'பிங்க் மூன்'னு நியூஸ்ல போடுவாங்களே, எல்லாரும் மாடிக்குப் போய் அண்ணாந்து பாத்துட்டு எங்கடா பிங்க்குன்னு ஏமாந்து இறங்குவோமே, அந்தப் பேரு வந்ததும் இந்தப் பூவாலதான். அந்த மாசம் பூக்குறது இது, நிலா பாவம் எப்பவும் போலத்தான் இருக்கும்.

போட்டோவைப் பாத்த வேகத்துல நம்ம வீட்டுப் பின்னாடியும் இப்படி ஒண்ணு பண்ணிடலாம்னு இறங்கிட்டேன். பின்னாடி ஒரு சரிவு சும்மாதான் கிடந்துச்சு, ராக் கார்டனுக்கு, அதான் கல்லுக்கு நடுவுல செடி வளக்குற தோட்டத்துக்கு, அதை விட நல்ல இடமே கிடையாதுன்னு இப்ப தெரியுது, அப்ப புத்தி வேலை செய்யல. சரிவை விட்டுட்டு பக்கத்துல சமமா இருந்த இடத்துல மண்ணைக் கொட்டி குவிச்சு, தொழு உரம் ரெண்டு மூட்டை கலந்து, மேல உருண்டை உருண்டையா கல்லு பொறுக்கி ஒண்ணு இங்க ஒண்ணு அங்கன்னு நட்டு வச்சேன். செடி எதுவும் இன்னும் வைக்கல. அம்மா வந்து பாத்தாங்க, ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசல, அப்புறம் மெதுவா கேட்டாங்க பாருங்க, "ஏன்டி, யாரைப் புதைச்சு வச்சிருக்க?"

சிரிக்காம என்ன பண்றது. நிஜமாவே சமாதி மாதிரிதான் இருந்துச்சு.

அது கூட பரவால்ல, அடுத்து பண்ணதுதான் பெரிய கூத்து. செடி வாங்கப் போன இடத்துல "எது சீக்கிரம் படரும்?"னு கேட்டேன். ராக் கார்டன் போடுறவங்க கேக்கவே கூடாத கேள்வி இதுதான், இதை எழுத உக்காந்ததே இதைச் சொல்லத்தான். வேகமா படர்ற செடின்னு ஒண்ணு கொடுத்தாங்க, ஸ்னோ இன் சம்மர், செராஸ்டியம்னு சொல்லுவாங்க. சாம்பல் பூசின மாதிரி வெள்ளி இலை, வெள்ளைவெளேர்னு பூ, பாக்க கொள்ளை அழகு. அது கூடவே வாசனை இலை தைம், கார்னேஷன் ஜாதி டயான்தஸ், மாஸ் ஃப்ளாக்ஸ்னு எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு வச்சேன். நான்தான் உரத்தைக் கொட்டி வச்சிருக்கேனே, செராஸ்டியத்துக்கு கொண்டாட்டம், தரைக்குக் கீழயே தண்டு விட்டு ஓடி, மேல விதையையும் கொட்டி, ரெண்டே வருஷத்துல டயான்தஸை முழுங்கி, தைமை முழுங்கி, கல்லையும் முழுங்கிடுச்சு. வருஷத்துல கொஞ்ச நாள் பூ, மிச்ச நாள் எல்லாம் ஒரு சாம்பல் கலர் போர்வை, நடுவுல பழுப்பா செத்துப்போன ஓட்டை. கல்லே தெரியாத ராக் கார்டன். பிடுங்கினா அறுந்த துண்டு துண்டா மறுபடி முளைக்குது, அதை ஒழிக்க எனக்கு இன்னொரு வருஷம் ஆச்சு.

செராஸ்டியம் கெட்ட செடின்னு சொல்ல வரல. வேற எதுவும் வராத ஒரு வறண்ட சரிவுல அது மட்டும் தனியா இருந்தா அதைப் போல செடி கிடையாது. நான் பண்ண தப்பு அதை மெதுவா வளர்ற செடிங்க கூட ஒரே பாத்தியில போட்டது, முயலையும் ஆமையையும் ஒரே கூண்டுல அடைச்ச கதை. இப்ப நான் செடி வாங்கும்போது எவ்வளவு அழகுன்னு பாக்குறதுக்கு முன்னாடி, வருஷத்துக்கு எவ்வளவு தூரம் ஓடும்னுதான் விசாரிக்கிறேன், ஒரே வேகத்துல போறதை ஒண்ணா வைக்கிறேன், ஓட்டக்காரங்களுக்கு நடுவுல பெரிய கல்லை வேலியா போட்டுடுறேன்.

ரெண்டாவது தடவை ஒழுங்கா சரிவுலயே ஆரம்பிச்சேன். முதல்ல களை. கோரை இருக்குற இடத்துல கல்லை வச்சீங்கன்னா முடிஞ்சுது, கல்லுக்கு அடியில கிழங்கு நிம்மதியா உக்காந்துக்கும், நீங்க கடப்பாரை போட்டு கல்லைப் பெயர்க்காம அதை எடுக்கவே முடியாது. அதனால ரெண்டு மூணு தடவை கொத்தி, முளைக்க விட்டு, மறுபடி கொத்தி, கிழங்கைப் பொறுக்கி, அதுக்கப்புறம்தான் கல்லு. இந்த வேலை பண்ணும்போது யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்க, ஆனா பாதி தோட்டம் இதுலதான் இருக்கு.

கல்லு வைக்கிறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. மூணுல ஒரு பங்கு, முடிஞ்சா பாதி, மண்ணுக்குள்ள போகணும். அப்பதான் பூமியில இருந்து அதுவா தலை நீட்டின மாதிரி இருக்கும், இல்லன்னா அம்மா சொன்னதுதான். அப்புறம் கல்லோட மேல்பக்கம் கொஞ்சம் பின்னாடி, அதாவது மேட்டுப் பக்கமா சாஞ்சிருக்கணும். முன்னாடி சாஞ்சா மழைத்தண்ணி கீழ ஓடி மண்ணையும் அள்ளிட்டுப் போயிடும், பின்னாடி சாஞ்சா அதே தண்ணி உள்ள இறங்கி செடி வேருக்குப் போகும். கல்லுல கோடு கோடா அடுக்கு இருந்தா எல்லாக் கல்லுலயும் அது ஒரே பக்கம் ஓடணும். கீழ இருந்து மேல கட்டிட்டு வரணும், வச்ச கல்லு மேல ஏறி நின்னு பாக்கணும், ஆடுச்சுன்னா இறக்கி மறுபடி வைக்கணும். கட்டி முடிச்சு சில வாரம் சும்மா விடுறது நல்லது, மண்ணு இறங்கி செட்டாகட்டும்.

என்ன கல்லுன்னு ரொம்ப யோசிக்காதீங்க. ஒரே வகைக் கல்லா இருந்தா கண்ணுக்கு நல்லாருக்கும், அவ்வளவுதான். எனக்கு பழைய கட்டடத்துல உடைச்ச கல்லைப் போடுறோமேன்னு ஒரு குறை இருந்துச்சு, அப்புறம் லண்டன்ல செல்சி ஃபிசிக் கார்டன்னு ஒரு பழைய மூலிகைத் தோட்டத்துல 1773ல கட்டின ராக் கார்டனைப் பத்திப் படிச்சேன், ஐரோப்பாவுலயே ரொம்பப் பழைய ராக் கார்டன்கள்ல அது ஒண்ணு. அதுக்குப் போட்டது என்னன்னா லண்டன் கோட்டையில இடிச்ச பழைய கல்லும், ஜோசப் பேங்க்ஸ்னு ஒரு தாவரவியலாளர் ஐஸ்லாந்துக்குப் போயிட்டு வரும்போது கப்பல்ல பாரத்துக்காக ஏத்திட்டு வந்த எரிமலைக் கல்லும். அவங்களே இடிச்ச கல்லைப் போட்டிருக்காங்க, நமக்கு என்ன.

இனி மண்ணு. இங்கதான் நம்ம மனசு ஒத்துக்காது. இந்தச் செடிங்க எல்லாம் மலையில, பாறை இடுக்குல, சத்தே இல்லாத சரளையில பொறந்து வளந்தது. அதுக்கு நாம பாசமா உரம் போட்டா குண்டா, தளதளன்னு இலையா வளந்து, பூக்காம, நடுவுல பிளந்து விழுந்துடும். நான் இப்ப போடுறது தோட்டத்து மண்ணு ஒரு பங்கு, மக்கின இலை ஒரு பங்கு, பொடி ஜல்லியும் கொரகொர மணலும் சேத்து ரெண்டு பங்கு. மணல்னா கையில எடுத்தா குத்தணும், நைஸ் மணலைக் களிமண்ணுல கலந்தா சிமென்ட் மாதிரி இறுகிப்போகும், அதுக்கு ஒண்ணும் கலக்காமலே விட்டுடலாம். தண்ணி வடியுதான்னு சந்தேகமா இருந்தா ஒரு முழம் போல குழி தோண்டி தண்ணி ஊத்தி, அது வடிஞ்சதும் மறுபடி ஊத்திப் பாருங்க, ரெண்டாவது தடவை ஊத்தினது மணிக்கணக்கா அப்படியே நின்னா அந்த இடத்துல மேடு கட்டாம வேலைக்காகாது.

இந்தச் செடிங்க சாகுறது பெரும்பாலும் வெயில்லயும் இல்ல, குளிர்லயும் இல்ல, கழுத்துல ஈரம் நின்னு. தண்டு மண்ணைத் தொடுற இடத்தைத்தான் கழுத்துன்னு சொல்றேன். எனக்கு இது புரிஞ்சது எப்படின்னா, ஒரு தடவை ரெண்டு வாரம் வெளியூர் போக வேண்டி வந்துச்சு, அம்மாகிட்ட தோட்டத்தைப் பாத்துக்கங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போனேன், எப்படின்னு சொல்லல. அம்மா காலையில ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை, ஒரு நாள் விடாம, குழந்தையைக் குளிப்பாட்டுற மாதிரி மேலயே ஊத்தியிருக்காங்க. திரும்பி வந்து பாத்தா மேல பச்சையாத்தான் இருந்துச்சு. தைமோட ஒரு கொத்தைக் கையில பிடிச்சேன், இழுக்கக்கூட இல்லங்க, அப்படியே மொத்தமா கையோட வந்துடுச்சு, அடியில எல்லாம் கருப்பா கொழகொழன்னு. அம்மாவுக்கு ரொம்ப வருத்தம். "காஞ்சு போயிடுமேன்னுதான்டி ஊத்துனேன்"னாங்க. நான் என்ன சொல்ல, மேட்டுல உரத்தைக் கொட்டுனவ நான்.

அன்னிக்கு அவங்களுக்கு ஒண்ணு காட்டினேன். நல்ல மத்தியான வெயில், தண்ணி ஊத்தாத பக்கம், மேல சரளையில கை வைக்க முடியல, அவ்வளவு சூடு. அங்க இருந்த ஒரு தட்டைக் கல்லை லேசா நிமித்திப் பாத்தோம். அடியில மண்ணு கருப்பா, குளுகுளுன்னு, அதுல ஃப்ளாக்ஸோட வெள்ளை வேர் நூல் நூலா கல்லோட அடிப்பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு ஓடிட்டிருந்துச்சு. ஒரு மண்புழு கூட இருந்துச்சு. கல்லு வெயிலைத் தான் வாங்கிக்கிட்டு கீழ இருக்குற ஈரத்தை ஆவியாகாம மூடி வைக்குது, வேர் அதைத் தேடிப் போகுது. "அப்ப இதுக்கு தண்ணித்தொட்டியே கல்லுதானா"ன்னாங்க அம்மா. கல்லைப் பழையபடி வச்சு மூடிட்டோம்.

அதுக்காக வச்ச அன்னிக்கே தண்ணியை நிறுத்திடாதீங்க. முதல் சீசன் முழுக்க, மேல மண்ணு காஞ்சதும் வேர் வரைக்கும் போற மாதிரி நிறையா ஊத்தி, அப்புறம் நல்லா காய விடணும். வேர் கீழ இறங்கினப்புறம் ரொம்ப வறண்ட நாள்ல மட்டும் போதும். நட்டு முடிச்சதும் ரெண்டு மூணு சென்டிமீட்டருக்கு சின்னச் சரளையைப் பரப்பி, செடியோட கழுத்தைச் சுத்தி, இலைக்கு அடியில வரைக்கும் கையால தள்ளி விடுங்க. மழையில மண்ணு தெறிச்சு இலையில ஒட்டாது, கழுத்து காஞ்சே இருக்கும், களையும் கம்மி.

நடும்போது தொட்டியில இருந்து எடுத்ததை அப்படியே புதைக்காம, வேரைச் சுத்தியிருக்குற அந்தப் பஞ்சு மாதிரி மண்ணைப் பாதியாவது உதிர்த்துட்டு வைங்க, இல்லன்னா வேர் அந்த உருண்டையை விட்டு வெளியவே வராது. கல் இடுக்குல வைக்கணும்னா சின்னச் செடிதான் சரி. செக் நாட்டுக்காரங்க பலகைக் கல்லை நெட்டுக்குத்தா நெருக்கி நெருக்கி அடுக்கி, அந்தச் சந்துல செடி வைக்கிற முறையைப் பிரபலமாக்குனாங்க, கிரெவிஸ் கார்டன்னு சொல்லுவாங்க. கல்லை அடுக்கும்போதே செடியையும் சேத்து வச்சுடணும், அடுக்கி முடிச்சுட்டு வேரைச் சந்துல திணிக்கப் பாத்தா செடி கையிலயே செத்துடும். நான் பண்ணிப் பாத்துட்டேன்.

சரி, என்னென்ன வச்சிருக்கேன்னு கேக்குறீங்களா. மாஸ் ஃப்ளாக்ஸ்தான் ராணி. ஒரு சாண் உயரம் கூட வராது, ஊசி ஊசியா இலை, பூக்காத நாள்லயும் பச்சையா இருக்கும், பூக்குற சில வாரம் இலையே தெரியாது. ஆப்ரியேட்டா கல்லு விளிம்புல இருந்து ஊதாவா வழிஞ்சு தொங்கும், இதுக்கு க்ளோத் ஆப்ரியேன்னு ஒரு பிரெஞ்சு ஓவியர் பேரை வச்சிருக்காங்க, 1700 வாக்குல ஒரு தாவரவியலாளர் கூட கிழக்கு நாடுகளுக்குப் போய் செடியெல்லாம் வரைஞ்சிட்டு வந்தவரு. ராஜா, மந்திரி, கவர்னர் பேரை எல்லாம் செடிக்கு வைக்கும்போது படம் வரைஞ்சவருக்கு ஒரு செடி கிடைச்சது எனக்குப் பிடிச்சிருக்கு. படர் தைம் நடக்குற வழிக் கல்லுக்கு நடுவுல, லேசா மிதிச்சாலும் தாங்கும், மிதிச்சா வாசனை, பூத்துச்சுன்னா தேனீ அப்படி மொய்க்கும், அதனால வெறுங்கால்ல போகாதீங்க. டயான்தஸுக்கு மண்ணுல கொஞ்சம் சுண்ணாம்பு இருந்தா சந்தோஷம். கேண்டிடஃப்ட்னு ஒரு வெள்ளைப் பூச்செடி, ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலயும் வளரும், அதனால பின்னாடி வைங்க. சீடம்னு தண்ணியைச் சேத்து வைக்குற தடிச்ச இலைச் செடி வகையைப் பத்தி என்ன சொல்ல, உடைஞ்சு விழுந்த துண்டு கூட விழுந்த இடத்துல வேர் விட்டுடும். பகல்ல இலைத்துளையை மூடி வச்சுட்டு ராத்திரி திறந்து மூச்சு விடுற ஜாதி அது, அதான் தண்ணிச் செலவே இல்ல.

என் செல்லம் டெலோஸ்பெர்மா. தென்னாப்பிரிக்கச் செடி, இலை மேல பொடிப்பொடியா நீர்ப்பை மாதிரி இருக்கும், வெயில்ல ஐஸ் தூவின மாதிரி மினுமினுக்கும், ஐஸ் பிளான்ட்னு பேரு வந்ததே அதனாலதான். வெயில் ஏறினாத்தான் பூ விரியும், மேகம் மூடுச்சுன்னா கடையை மூடிடும். இதோட காஞ்ச விதைக்கூடு ஒண்ணைப் பறிச்சு உள்ளங்கையில வச்சு ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. கொஞ்ச நேரத்துல அசைய ஆரம்பிச்சு, குட்டி நட்சத்திரம் மாதிரி விரிஞ்சு திறந்துக்கும், உள்ள மணல் மாதிரி விதை. காஞ்சா மறுபடி மூடிக்கும். வறண்ட ஊருச் செடி பாருங்க, மழை வந்தாத்தான் முளைக்க முடியும், அதனால மழை வர்ற வரைக்கும் பூட்டி வச்சு, மழைத்துளி அடிச்சே விதை தெறிக்குற மாதிரி வச்சிருக்கு. வீட்டுக்கு வர்ற குழந்தைங்களுக்கு எல்லாம் இதைக் காட்டி நான் பெரிய மந்திரவாதி ஆயிட்டேன்.

மேல சொன்னதுல ஃப்ளாக்ஸ், ஆப்ரியேட்டா எல்லாம் குளிர்காலம் இருக்குற இடத்துக்குத்தான். வருஷம் பூரா சூடா இருக்குற இடத்துல இருக்கவங்க ஆன்லைன்ல அந்த பிங்க் மலை படத்தைப் பாத்து விதை வாங்கி ஏமாறாதீங்க. உங்களுக்கு நீல எவால்வுலஸ் இருக்கு, காலையில விரிஞ்சு மத்தியானம் தாண்டினா சுருங்கிடும். அதோட சொந்தக்காரன்தான் நம்ம விஷ்ணுகிரந்தி, கல்லாங்காட்டுல தானா முளைச்சு பொட்டு மாதிரி நீலமா பூக்குமே, அதுவே அருமையான ராக் கார்டன் செடி, நாம மதிக்கிறதில்ல. பொடுதலை இன்னொண்ணு, கணுவுக்குக் கணு வேர் விடும், மிதி தாங்கும், பட்டாம்பூச்சி வரும், ஆனா ஈரம் கிடைச்சா இதுவும் ஓட்டக்காரன். பத்துமணிப் பூ பல வருஷம் நிக்கிற செடி இல்ல, ஆனா கிள்ளிக் கிள்ளி வச்சே ஓட்டிடலாம். வெடீலியான்னு மஞ்சப் பூ பூக்குறதை மட்டும் யாராவது சும்மா கொடுத்தாக் கூட வாங்காதீங்க, உலகத்துலயே மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினம்னு ஐயூசிஎன், அதாவது சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, போட்ட பட்டியல்ல இருக்குற ஆளு அது. செராஸ்டியமே தேவலாம்.

பராமரிப்புன்னு பாத்தா ரெண்டே வேலை. ஒண்ணு, களை. பாய் மாதிரி படர்ந்துட்டா களையே வராதுன்னு சொல்றதெல்லாம் படர்ந்ததுக்கு அப்புறம் கதை, அதுக்கு ரெண்டு மூணு வருஷம் ஆகும், அது வரைக்கும் குனிஞ்சுதான் ஆகணும். புளியாரை ரொம்ப மோசம், காய் முத்தினா தொட்டதும் வெடிச்சு நாலா பக்கமும் விதை தெறிக்கும், அதுவும் ஃப்ளாக்ஸ் மெத்தைக்கு நடுவுல முளைச்சா வேரோட வராது, அறுந்து அறுந்து வரும். மழை பெஞ்ச மறுநாள் பழைய முள்கரண்டியை வச்சு நெம்பி எடுக்குறேன்.

இன்னொண்ணு, கவாத்து. பூ முடிஞ்ச உடனே ஃப்ளாக்ஸையும் ஆப்ரியேட்டாவையும் பாதிக்குப் பாதி வெட்டிடணும். முதல் தடவை கை நடுங்கும், நடுங்கட்டும், வெட்டுங்க. வெட்டலன்னா நீளமா இழுத்துட்டுப் போய் நடுவுல சொட்டை விழும். தைம், கேண்டிடஃப்ட் ரெண்டுலயும் மட்டும் இலை இல்லாத கட்டைத் தண்டு வரைக்கும் போகாதீங்க, துளிர்க்காம போயிடலாம். ஏற்கனவே சொட்டை விழுந்துடுச்சுன்னா, மண்ணும் பொடி ஜல்லியும் கலந்து அந்த ஓட்டைக்குள்ள ரெண்டு கை அள்ளிப் போட்டு தண்டை எல்லாம் அதுல புதைச்சு விடுங்க, அங்கங்க புதுசா வேர் விடும்.

என் பெரிய ஃப்ளாக்ஸ் இந்த வருஷம் அப்படித்தான் நடுவுல வழுக்கை ஆயிருக்கு, பூ உதிரட்டும்னு காத்திருக்கேன். ஓரமா ஓடின மூணு தண்டை மட்டும் போன மாசமே மண்ணுல படுக்க வச்சு மேல ஆளுக்கு ஒரு கல்லு வச்சிருக்கேன், பதியன். அம்மா நேத்து வந்து பாத்துட்டு, "இந்த மூணும் யாரு?"ன்னாங்க.